மூன்று தென்னையும் ஒரு டர்பைனும்

ரயில் எஞ்சின் தன் தோப்புக் கள்ளைப் புளிக்க வைத்துவிட்டது என்ற புகாரோடு சிவப்பிரகாஷ் சுண்ணாம்புக்கல் அரைவை ஆலையின் வாசலில் வந்து நின்றபோது, யோகப்பிரியா அதைவிடப் பெரிய புதிர் ஒன்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

அவள் கோயம்புத்தூரில் பம்புசெட்டு செய்யும் கம்பெனி ஒன்றின் பொறியாளர். டீசலுக்கு மாற்றாக, எரிவாயு டர்பைனால் ஓடும் ரயில் எஞ்சின் ஒன்றை ஆறு ஆண்டு உழைத்து அவளும் அவள் குழுவினரும் உருவாக்கியிருந்தார்கள். டர்பைன் என்பது, சுருக்கமாகச் சொன்னால், ஒரு பெரிய மூச்சு. முன்பக்கம் காற்றை இழுக்கும். இழுத்த காற்றை நெருக்கி, அதில் எரிவாயுவைக் கொளுத்தும். கொதித்துப் பெருகிய காற்று, விசிறி போன்ற தகடுகளைச் சுழற்றிவிட்டுக் கூரை வழியே வெளியேறும். அந்தச் சுழற்சி மின்சாரமாகி, மின்சாரம் சக்கரங்களைத் திருப்பும். டீசல் எஞ்சினில் இருப்பதுபோல் மேலும் கீழும் இடிக்கும் பாகங்கள் இதில் இல்லை. ஆகவே உடம்பு சிறிது, பலம் பெரிது. குரல்தான் கொஞ்சம் கீச்சு.

இந்த எஞ்சினைப் பெரிய ரயில் பாதைகளில் விட்டுப் பார்க்க யாரும் எளிதில் இடம் தருவதில்லை. எல்லை தாண்டி மலையாள மண்ணில், கொழிஞ்சாம்பாறைக்கு அப்பால் உள்ள சுண்ணாம்புக்கல் குவாரியிலிருந்து நல்லேப்பிள்ளிப் பக்கம் உள்ள ஆலை வரை பதினான்கு கிலோமீட்டருக்கு ஒரு தனிப்பாதை ஓடுகிறது. ஆலைக்கே சொந்தமானது, கல் மட்டுமே ஏறும், ஆள் ஏறுவதில்லை. குவாரியில் கல்லை அள்ளிக் கொட்டும் இயந்திரங்களின் நீண்ட கைகள் மாட்டிக்கொள்ளும் என்பதால் மின்கம்பி போடவில்லை. இருபத்தாறு ஆண்டாக டீசல் எஞ்சின்தான். அதன் இடத்தில் முப்பது நாள் டர்பைனை ஓட்டிப் பார்ப்பது என்பது ஒப்பந்தம். முப்பதாம் நாள், ஆலை மேலாளர் முன்னிலையில் நடக்கும் காலை நடையில் தொண்ணூறு கிலோ எரிவாயுவுக்குள் கல் வந்து சேர்ந்தால் எஞ்சினை ஆலை வாங்கிக்கொள்ளும். மீறினால் எஞ்சின் டிரெய்லரில் ஏறிக் கோயம்புத்தூர் திரும்பும். திரும்பினால் கம்பெனி இந்த வேலையை அதோடு மூட்டை கட்டிவிடும் என்பது எழுதப்படாத செய்தி. வேலை போகாது, யோகப்பிரியா மறுபடியும் பம்புசெட்டுப் பிரிவில் போய் உட்காரலாம். ஆனால் எஞ்சின் இருக்காது.

முதல் மூன்று நாளும், விருந்தினர்களின் வசதிக்காக, பகல் பதினொரு மணிக்கு ஓட்டினார்கள். நடைக்கு எழுபத்தெட்டு கிலோ எரிவாயு. எல்லோரும் கைகுலுக்கினார்கள். நான்காம் நாள் முதல் ஆலையின் வழக்கமான நேரத்துக்கு, காலையிலும் மாலையிலுமாக, எஞ்சின் ஓடத் தொடங்கியது. உடனே நடைக்கு நூற்றுப் பதினைந்து கிலோ ஆயிற்று. அதே பாதை, அதே வேகன்கள், அதே எடை. நொடிக்கு நொடி அளக்கும் கருவி முதல் வாரமே சூட்டில் பழுதாகி, மாற்றுக் கருவி வந்தபாடில்லை. புறப்படும் முன் தொட்டியை எடைபோட்டு, சேர்ந்தபின் மறுபடி எடைபோடுவதுதான் இப்போதைக்கு வழி. அதற்காக அவள் ஆலை முனையிலேயே இருந்துவிடுவாள்; எஞ்சினில் டிரைவர் மட்டுமே.

புதிரின் கூர்மை இங்கேதான் இருந்தது. டர்பைனுக்குக் குளிர்ந்த காற்று பிடிக்கும். குளிர்ந்த காற்று அடர்த்தியானது. ஒரு மூச்சில் அதிகம் உள்ளே போகும். ஆகவே காலையில் குறைவாகத் தின்று வெயிலில் அதிகம் தின்றிருந்தால் யோகப்பிரியா நிம்மதியாக உறங்கியிருப்பாள். இதுவோ தலைகீழாக நடந்துகொண்டது.

குவாரி முனையில் எடை பார்க்கும் ஜெகனிடம் இதைப் பற்றிக் கேட்டபோது அவன் அதிகம் கவலைப்படவில்லை. மலையூரான வட்டவடைக்காரன். கேரட் ஏற்றிய ஜீப்புகளின் நடுவே வளர்ந்தவன். எந்த எஞ்சினைப் பற்றியும் அவனிடம் ஒரு பேச்சு இருக்கும்.

"எங்க ஊரு ஆளுக மாதிரிதாங்க்கா இது. குளிருல எந்திரிச்ச ஒடனே ரெண்டு டீ கேக்கும். வெயிலு வந்துட்டா ஒரு டீ போதும்" என்றான்.

வடிகட்டியைக் கழற்றிப் பார்த்தார்கள், சுத்தமாக இருந்தது. குழாய்களில் சோப்பு நுரை பூசிப் பார்த்தார்கள். ஒரு குமிழிகூட எழவில்லை. டிரைவர் பொங்கியண்ணன் எழுதித் தந்த நடைத்தாள்களைப் பார்த்தார்கள். புறப்பாடு, வருகை, எடை எல்லாம் வரிசையாக இருந்தன. "வழியில் நிறுத்தம்" என்ற கட்டத்தில் ஒவ்வொரு தாளிலும் அழகான கையெழுத்தில் "இல்லை". நடை நேரம் ஐம்பத்தைந்து நிமிடம். ஆலையின் பழைய கால அட்டவணையிலும் காலை நடைக்கு அதே ஐம்பத்தைந்து நிமிடம்தான் அச்சிட்டிருந்தது. பகல் நடை முப்பத்து மூன்று நிமிடத்தில் முடிந்ததே என்று ஜெகன் ஒருமுறை கேட்டான். விருந்தினர் இருந்ததால் டிரைவர் விரட்டி ஓட்டியிருப்பார் என்று யோகப்பிரியா சொன்னாள். அச்சிட்ட எண்ணுக்கு அவள் மனத்தில் ஒரு மரியாதை இருந்தது.

சிவப்பிரகாஷ் வந்தது இருபத்திரண்டாம் நாள். முப்பது வயதுக்காரர், பாதையோரம் தென்னந்தோப்பும் கொஞ்சம் வயலும் வைத்திருப்பவர். கையில் ஒரு கலயம். காவலாளி சிரித்ததையும், எஞ்சின் கள்ளைக் குடித்துவிட்டதா என்று அலுவலகத்தில் இன்னொருவர் கேட்டதையும் அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"சிரிக்கறது சரிதானுங்க. முப்பது மரம் எறக்கறமுங்க. அதுல பாதையோரத்து மூணு மரத்துக் கள்ளு மட்டும் ஏன் புளிக்கோணும்? அதைச் சொல்லிப்போட்டு அப்புறமேட்டுச் சிரிங்க" என்றார்.

யோகப்பிரியா சிரிக்கவில்லை. கேள்வி சரியான கேள்வியாக அவளுக்குப் பட்டது. முப்பதும் புளித்தால் அது கலயத்தின் குற்றமாக இருக்கலாம், இறக்குபவரின் குற்றமாகவும் இருக்கலாம். மூன்று மட்டும் என்றால் அதற்கு ஓர் இடம் இருக்கிறது. எஞ்சின் அந்த மரங்களைக் கடக்கும் நேரம் அரை நிமிடம்கூட இராது என்று அவள் மனக்கணக்காகப் போட்டுப் பார்த்தாள். அரை நிமிடச் சூடு கள்ளை என்ன செய்யும்? அதை அவரிடம் எடுத்துச் சொன்னாள்.

சிவப்பிரகாஷ் தலையை ஆட்டிக்கொண்டார். ஏறி இறக்குபவர் சொல்வதாகச் சொன்னார்: கலயம் கைக்கு வெதுவெதுப்பாக இருக்கிறது, ஓலை நுனிகளும் காய்ந்து சுருள்கின்றன. மழை இல்லாத காலத்து வாட்டம் என்றுதான் முதலில் நினைத்தார்களாம்.

"எந்த நேரத்துக் கள்ளுங்க?" என்று அவள் கேட்டாள்.

"காலையில எறக்கறதும் பொழுதோட எறக்கறதும்தானுங்க. ஆரம்பத்துல பகல்ல ஓட்டுனீங்களே, அப்ப ஒரு கேடும் இல்லீங்க."

அந்தச் சொல் யோகப்பிரியாவின் நெற்றியில் தட்டியதுபோல் இருந்தது. காலையிலும் மாலையிலும் கெடுகிறது, பகலில் கெடவில்லை. அவளுடைய எரிவாயுவும் இதே நேரத்தைத்தான் பார்த்துக் கரைகிறது. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு புகார்கள் ஒரே கடிகாரத்தைப் பார்த்துப் பேசினால், அந்தக் கடிகாரத்தைத் தேடிப் போவதுதான் முறை. மறுநாள் காலையில் தோப்புக்கு வருவதாகச் சொல்லி அவரை அனுப்பிவைத்தாள்.

மறுநாள் ஏழு மணிக்குச் சற்று முன்பு அவள் அந்த மூன்று தென்னைகளின் அடியில் நின்றாள். பாதை அங்கே ஒரு மேட்டின்மேல் போகிறது. ஒரு மண்தடம் மேட்டில் ஏறி, தண்டவாளத்தைக் கடந்து மறுபக்கம் இறங்குகிறது. கேட் இல்லை, விளக்கு இல்லை, பலகைகூட இல்லை. மறுபக்கம் ஓட்டுக்கூரை போட்ட பால் சொசைட்டி. அண்ணாந்து பார்த்தாள். பாதையின் பக்கம் நீண்டிருந்த ஓலைகள் மட்டும் தீயில் வாட்டியதுபோல் பழுத்திருந்தன.

கீச்சுக் குரல் தொலைவில் கேட்டது. எஞ்சின் வளைவில் திரும்பி வந்தது. யோகப்பிரியா கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டாள். அரை நிமிடம் என்று சிவப்பிரகாஷிடம் எண்ணிக் காட்ட வேண்டும். எஞ்சின் வேகம் தணிந்தது. மேலும் தணிந்தது. தோப்பின் ஓரத்தில், அந்த மூன்று மரங்களுக்கு நேர் கீழே, நோகாமல் வந்து நின்றது.

மண்தடத்தில் பெண்கள் ஏறி வந்தார்கள். தலையில் கேன், இடுப்பில் கேன், மொபெட்டில் இருபுறமும் தொங்கும் கேன். ஒருத்தி கன்றையும் பிடித்துக்கொண்டு வந்தாள். யாருக்கும் அவசரம் இல்லை. எஞ்சினுக்குப் பத்தடி முன்னால், தங்கள் வீட்டு முற்றத்தைத் தாண்டுவதுபோல் தண்டவாளத்தைத் தாண்டினார்கள். பொங்கியண்ணன் ஜன்னலில் முழங்கையை ஊன்றிக்கொண்டு, டர்பைனின் அலறலுக்கு மேலே குரல் எழாததால், ஒவ்வொருவரிடமும் சைகையால் நலம் விசாரித்துக்கொண்டிருந்தார். கீழே நின்ற யோகப்பிரியாவைக் கண்டதும் பதறவில்லை. அவளுக்கும் ஒரு வணக்கம் போட்டார். கூரையின் மேல் காற்று கானல்போல் நெளிந்து, நேராகத் தென்னையின் கொண்டைக்குள் போயிற்று.

கடைசியாக வந்தவள் முத்தாத்தாள். அறுபதைத் தாண்டியவள், நிலமும் ஆறு மாடும் உள்ளவள். கடந்து முடித்து, திரும்பி நின்று, கையை உயர்த்தினாள். அதன்பிறகே ரயில் நகர்ந்தது.

இருபத்திரண்டு நிமிடம்.

அன்று ஆலையின் வேப்பமரத்தடியில் யோகப்பிரியா நடைத்தாள்களைப் பரப்பிக்கொண்டு பொங்கியண்ணனோடு உட்கார்ந்தாள். அவர் ஐம்பதைக் கடந்த நல்லேப்பிள்ளிக்காரர். பாதை போட்ட நாளிலிருந்து அதில் ஓட்டுபவர். வழியில் நிறுத்தம் இல்லை என்று இருபது தாளிலும் எழுதியிருக்கிறாரே என்று அவள் கேட்டாள். குற்றம் சாட்டும் குரலில் கேட்கவில்லை; உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பினாள்.

பொங்கியண்ணனுக்குக் கேள்வியே விளங்கச் சற்று நேரமாயிற்று.

"அது நிறுத்தமில்லீங்க அம்மிணி. வழி உடறதுங்க. சிக்னல் உழுந்து நின்னா நிறுத்தம். பழுதாகி நின்னா நிறுத்தம். எதுக்கால ஒருத்தரு வந்தா நாம ஒதுங்கி நிக்கறமில்லீங்களா, அதையெல்லாம் ஆராச்சும் எழுதி வெப்பாங்களா?"

பிறகு அவர் முழுதும் சொன்னார். பாதைக்கு நிலம் எடுத்தபோது இந்தப் பகுதிக் குடும்பங்கள் வழக்குக்குப் போகாமல் கொடுத்தார்கள். ஒன்றே ஒன்று கேட்டார்கள்: பாலும் மாடும் போகும் தடத்தை ரயில் மறிக்கக் கூடாது. அன்றைய மேலாளர் சரி என்றார். யாரும் எழுதிக்கொள்ளவில்லை. காலையும் மாலையும் பால் போகும் நேரத்தில் ரயில் நிற்பது அப்படித்தான் வந்தது. முதல் வருடம் கால அட்டவணை போட வந்தவர், நின்றதையும் சேர்த்தே அளந்து ஐம்பத்தைந்து என்று அச்சடித்துவிட்டுப் போனார். மேலாளர்கள் மாறினார்கள், அட்டவணை மாறவில்லை.

அப்படியானால் டீசல் எஞ்சின் ஏன் இதைக் காட்டிக்கொடுக்கவில்லை? யோகப்பிரியாவுக்கு விடை தெரிந்திருந்தது. தெரிந்த விடையை இந்த இடத்தில் பொருத்திப் பார்க்கத்தான் இத்தனை நாள் தோன்றவில்லை. இதை ஒரு கதையாகச் சொல்லலாம். ஒரு வணிகனிடம் எருது ஒன்றும் குதிரை ஒன்றும் இருந்தன. எருது சுங்கச்சாவடியில் நிற்கும்போது, தின்றதையே அசைபோட்டுக்கொண்டு சும்மா நிற்கும். குதிரை நிற்கும்போதும் காலை உதைத்துக்கொண்டு, ஓடும்போது தின்பதில் பாதிக்கு மேல் தின்றுகொண்டே நிற்கும். வணிகன் ஊர் சேர்ந்ததும் தீனிப்பையைத் தூக்கிப் பார்த்து, ஓடத் தெரியாத குதிரை என்று அதைத் திட்டினான். சாவடியில் எவ்வளவு நேரம் நின்றோம் என்று அவன் தன்னைக் கேட்டுக்கொள்ளவே இல்லை.

டீசல் அந்த எருது. இருபத்திரண்டு நிமிடம் சும்மா உறுமிக்கொண்டு நின்றால் ஐந்தாறு லிட்டர் போகும். யார் கண்ணிலும் படாது. டர்பைனோ சுழன்றே ஆகவேண்டும். சக்கரம் திரும்பினாலும் திரும்பாவிட்டாலும் காற்றை இழுத்து நெருக்கும் வேலை அதற்கு ஓய்வதில்லை. நூற்றுப் பதினைந்தில் எழுபத்தெட்டைக் கழித்தால் மீதி முப்பத்தேழு கிலோ. அந்த முப்பத்தேழும் மூன்று தென்னைகளின் தலையில் ஏறியிருந்தது.

புதிர் அவிழ்ந்த மகிழ்ச்சி ஒரு பிற்பகல் முழுவதும் அவளிடம் நின்றது. அதன்பின் முப்பதாம் நாள் ஞாபகத்துக்கு வந்தது. காரணம் தெரிந்ததால் எண் குறைந்துவிடப் போவதில்லை.

சிவப்பிரகாஷின் கலயங்களுக்கு உடனே வழி கிடைத்தது: நாற்பதடி முன்னாலேயே நிற்க வேண்டியதுதான். எரிவாயுவுக்கு அப்படி ஒரு வழி கிடைக்கவில்லை. நிற்கும்போது அணைத்துவிடலாமா என்று ஜெகன் கேட்டான். அணைத்தால் மறுபடி கிளப்பக் கால்மணி நேரம் பிடிக்கும் என்று கையேட்டில் இருப்பதை அவள் எடுத்துக் காட்டினாள். முன்கூட்டியே கிளப்பத் தொடங்கினால் மிச்சமாவது சொற்பம்; எல்லோரும் கடந்தபின் கிளப்பினால் ரயில் தாமதமாகி அரைவை நிற்கும். ஆலை அதற்கு ஒப்பாது.

இருபத்தாறாம் நாள் அவள் சொசைட்டிக்குப் போனாள். என்ன கேட்பது என்று தீர்மானிக்காமலேதான் போனாள். பால் அளந்து முடித்துவிட்டு உட்கார்ந்திருந்த முத்தாத்தாளிடம் எஞ்சினின் குணத்தையும் முப்பதாம் நாள் சோதனையையும் சொன்னாள். முத்தாத்தாள் இரண்டு கேள்வி கேட்டாள். பரீட்சை எத்தனை நாள் என்பது ஒன்று. தேறாவிட்டால் இவளை வேலையை விட்டு அனுப்பிவிடுவார்களா என்பது மற்றொன்று.

"எனக்கு வேலை இருக்குமுங்க. எஞ்சினுக்குத்தான் இருக்காது" என்றாள் யோகப்பிரியா.

முத்தாத்தாள் கூடியிருந்தவர்களை ஒரு சுற்றுப் பார்த்தாள். "ஒரு நாளைக்குத்தான அம்மிணி? ரோட்டுப் பாலத்து வழியாச் சுத்திப் போறம். மூணு கிலோமீட்டரு. கோயில் நோம்பிக்கு நடக்கறதில்லையா, அப்படி நெனச்சுக்கறம்."

யோகப்பிரியா அதைக் கையெடுத்துக் கும்பிட்டு ஏற்றுக்கொண்டாள். ஆலைக்குத் திரும்பும் வழியெல்லாம் மனம் லேசாக இருந்தது. தொண்ணூறு என்ன, எண்பதுக்குள்ளேயே வந்துவிடும். அதில் பொய்யும் இல்லை. எஞ்சின் நிற்காமல் ஓடினால் அவ்வளவுதான் தின்னும் என்பது உண்மைதானே?

செய்தியைப் பொங்கியண்ணனிடம் சொன்னாள். அவர் சந்தோஷப்பட்டார். அன்றைக்கு நிற்காமல் ஓட்டித் தருவதாக ஒப்புக்கொண்டார். கை துடைக்கும் துணியை மடித்துக்கொண்டே, விளங்காத ஒன்றை விளங்கிக்கொள்ளும் குரலில் கேட்டார்.

"சரிங்க. வாங்கிப்போட்டாங்கன்னா, முப்பத்தோராம் நாளு நான் நிக்கறதுங்களா, நிக்காம போறதுங்களா?"

அவர் பதிலுக்காக உண்மையாகவே காத்திருந்தார். யோகப்பிரியா இரண்டையும் கணக்குப் போட்டுப் பார்த்தாள். நின்றால் நடைக்கு முப்பத்தேழு கிலோ கூடும். ஆலை ஒரு வாரத்தில் காரணம் கேட்கும். எழுதப்படாத வழக்கம் முதன்முதலாகத் தாளில் ஏறும். ஏறிய அன்றே அடித்துவிடுவார்கள். நிற்காமல் போனால், ஒரு நாளைக்குச் சுற்றிப் போக மனமுவந்து சொன்னவர்கள் ஆயுள் முழுக்கச் சுற்ற வேண்டும். அவள் எஞ்சின் தேறுவதும் அந்தத் தடம் பிழைப்பதும் ஒன்றாக நடக்கிற வழியை அன்று மாலை வரை தேடினாள். தாளில் கூட்டியும் கழித்தும் பார்த்தாள். கிடைக்கவில்லை.

மறுநாள் பால் நேரத்தில் அவள் தண்டவாளத்தருகே போய், முப்பதாம் நாள் எப்போதும்போல் இதே வழியில் வரும்படி முத்தாத்தாளிடம் சொன்னாள்.

முத்தாத்தாள் கேனை இறக்கி வைத்துவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "நேத்தொண்ணு இன்னைக்கொண்ணு. கோயமுத்தூரு இஞ்சினியருங்களே இப்படித்தானா, இல்ல நீ மட்டுமா?"

"நான் மட்டும்தானுங்க" என்றாள் யோகப்பிரியா.

முப்பதாம் நாள் எஞ்சினின் முன்னறையில் நான்கு பேர் ஏறினார்கள். பொங்கியண்ணன், யோகப்பிரியா, ஆலையின் மலையாளி மேலாளர், கோயம்புத்தூரிலிருந்து வந்த சாந்தம்மாள். சாந்தம்மாள் கம்பெனியின் முதலாளி. கணவர் விட்டுப்போன சிறிய வார்ப்படச் சாலையைப் பெரிய பம்புசெட்டுக் கம்பெனியாக்கியவர். எந்த இயந்திரத்தையும் முதலில் தொட்டுப் பார்ப்பார், பிறகுதான் பேசுவார். ஜெகன் குவாரியில் தொட்டியை எடைபோட்டு அனுப்பிவைத்தான்.

ஒன்பதாவது கிலோமீட்டரில் எஞ்சின் நின்றது. மேலாளர் என்ன கோளாறு என்று கேட்டார். கோளாறில்லை, வழி விடுகிறோம் என்று பொங்கியண்ணன் சொன்னார். கேன்கள் வரத் தொடங்கின. மேலாளர் பதினொரு வருடமாக இந்த ஆலையில் இருப்பவர். இப்படி ஒன்று நடப்பதை இன்றுதான் காண்கிறார் என்று மலையாளமும் தமிழும் கலந்து, கோபத்தைவிட வியப்பு மிகுந்த குரலில் சொன்னார். யோகப்பிரியா கைக்கடிகாரத்தைப் பார்த்து, "வழியில் நிறுத்தம்" என்ற கட்டத்தில் "இல்லை" என்று எழுதாமல் நேரத்தை எழுதினாள்.  

ஆலையில் எடை பார்த்தபோது நூற்றுப் பதினாறு.

மேலாளர் நாகரிகமானவர். எஞ்சினின் பலத்தைப் பாராட்டினார். தங்கள் பாதைக்கு டீசலே போதும் என்று தெரிவித்தார். டிரெய்லர் திங்கட்கிழமை உள்ளே வர அனுமதி எழுதிக் கொடுத்தார். பால் தடத்தைப் பற்றி யோகப்பிரியா கேட்டதற்கு, இத்தனை வருடம் டீசல் அங்கே நின்றது, இனியும் நிற்கட்டும், அதில் தனக்கொன்றும் நஷ்டமில்லை என்று சொல்லிவிட்டு அரைவைப் பக்கம் போனார்.

சாந்தம்மாள் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து நடைத்தாளை வாங்கிப் படித்தார். ஓடியதற்கும் நின்றதற்கும் யோகப்பிரியா தனித்தனியாகக் கோடு போட்டிருந்தாள்.

"ஏம்மா, அந்தப் பொம்பளைகளை ஒரு நாளைக்குச் சுத்திப் போகச் சொல்லியிருக்கக் கூடாதா?"

"அவங்களே போறம்னாங்க. நான்தானுங்க வேண்டாம்னேன். இன்னைக்குச் சுத்துனா, வாங்குனதுக்கப்புறம் தினமும் சுத்தோணுமுங்க."

 ஆறு வருட வேலை என்று மட்டும் சாந்தம்மாள் ஒரு முறை சொன்னார். மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு இரண்டாம் கோட்டின்மேல் விரலை வைத்தார்.

"நிக்கறப்ப எதுக்குச் சுத்துது இது? அணைச்சா என்ன?"

"மறுபடி கிளப்பக் கால்மணி நேரம் ஆகுமுங்க. கையேட்டுல இருக்குங்க."

"எதுக்குப் போட்ட கையேடு?"

"கரண்டு ஸ்டேசன்ல வெக்கற பெரிய டர்பைனுக்குப் போட்டதுங்க. நாம அதைப் பாத்துத்தான்..."

"நம்ம எஞ்சினுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?"

யோகப்பிரியா நினைவில் தேடிப் பார்த்தாள். தன் எஞ்சினை ஓட்டத்தின் நடுவில் அணைத்து, சூடு ஆறும் முன் மறுபடி கிளப்பி, எவ்வளவு நேரமாகிறது என்று அவள் ஒருநாளும் பார்த்ததில்லை. அட்டவணை ஐம்பத்தைந்து என்றது, நம்பினாள். கையேடு பதினைந்து என்றது, அதையும் நம்பினாள்.

"தெரியாதுங்க" என்றாள்.

"திங்கக்கெழமை வரைக்கும் எஞ்சின் இங்கதான நிக்கும்?" சாந்தம்மாள் தாளை மடித்துக் கொடுத்துவிட்டு எழுந்தார். வேறு எந்த வாக்கும் கொடுக்கவில்லை. அவருடைய கார் புறப்பட்டுப் போயிற்று.

அன்று பிற்பகலில் ஆலையின் பக்கவாட்டுத் தண்டவாளத்தில் எஞ்சின் தனியாக நின்றது. வேகன்கள் கழற்றப்பட்டிருந்தன. பொங்கியண்ணன் தன் வேலை நேரம் முடிந்தும் போகாமல் பிரேக்கைப் பிடித்துக்கொள்ள வந்தார். குவாரியிலிருந்து லாரியில் தொற்றிக்கொண்டு வந்து சேர்ந்த ஜெகன் கைபேசியில் நிறுத்துக்கடிகாரத்தைத் திறந்து வைத்துக்கொண்டான். யோகப்பிரியா கால்மணி நேரம் டர்பைனைச் சுழலவிட்டு, அணைத்தாள். கீச்சுக் குரல் மெல்ல மெல்ல இறங்கி, ஒரு பெருமூச்சாகி, ஓய்ந்தது. இருபத்திரண்டு நிமிடம் காத்திருந்து, கிளப்பும் பொத்தானை அழுத்தினாள்.

முதல் தடவை பற்றவில்லை. உள்ளே ஏதோ உறுமிவிட்டு அடங்கிற்று. ஏன் என்று அவள் கட்டுப்பாட்டுப் பலகையைத் திறந்து பார்த்தாள். நல்ல சூட்டில் கிளப்பக் கூடாது என்று அவர்களே வைத்திருந்த ஒரு தடுப்பு, கையேட்டைப் பார்த்து வைத்தது. அதன் அளவைச் சற்றே தளர்த்தினாள். மறுபடி அழுத்தினாள். ஆழத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்து, ஏறி, ஏறி, பழைய கீச்சில் போய் நிலைத்தது.

ஜெகன் கைபேசியைப் பார்த்தான். கண்ணருகே கொண்டுபோய் இன்னொரு முறை பார்த்தான்.

"நாலு நிமிசம் ஆகலைக்கா" என்றான். "நான் எங்கயோ தப்பா அமுக்கிட்டேன் போல. அணைங்க, இன்னொரு தடவ பாப்போம்."

நிற்கும் நேரத்தில் பதினெட்டு நிமிடம் அணைத்து வைத்தாலே நடை தொண்ணூறுக்குள் வந்துவிடும். யோகப்பிரியா அணைத்தாள்.